தட்டினால் திறக்கும் கை

என் இடது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு வெட்டும் ஒரு பவர் பிரஸ்ஸில் போயின. அதைப் பற்றி இங்கே வேறு எதுவும் சொல்வதற்கில்லை. அக்காவைப் பற்றிச் சொல்ல இந்தக் கை வேண்டும். அதனால் சொன்னேன்.

ஜியு-ஜிட்சு என்று ஒரு சண்டை இருக்கிறது. பிரேசில்காரர்கள் வளர்த்தது. அதில் குத்து கிடையாது, உதை கிடையாது. தரையில் புரண்டு ஆளை மடக்க வேண்டும். கழுத்தையோ கையையோ பூட்டி இறுக்க வேண்டும். மாட்டிக்கொண்டவன் தாங்க முடியாமல் போனால் எதிராளியின் உடம்பில் கையால் தட்டுவான். தட்டினால் தோற்றான் என்று அர்த்தம். பிடித்தவன் விட்டுவிட வேண்டும்.

மூன்று விரல் கை தட்டினால் சத்தம் வராது. கனமும் இருக்காது. முத்தாபுதுப்பேட்டையில் டயர் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட பயிற்சிக்கூடம் எங்களுடையது. அங்கே பலருக்கு என் தட்டு தெரிந்ததே இல்லை. வலது கை அடியில் மாட்டிக்கொண்டு இடது கையால் தட்டினால், இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுத்தான் விடுவார்கள்.

"தட்னியா மச்சான்? சொறியறேன்னு நெனச்சேன்டா" என்பார்கள்.

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மறுநாள் எச்சில் விழுங்கினால் வலிக்கும்.

அக்காவுக்கு மட்டும் தெரியும். முதல் நாளே தெரிந்தது.

அன்று எனக்கு ஜோடி இல்லை. விரல் போன கையைப் பிடிக்க எல்லோருக்கும் தயக்கம். அவளுக்கும் ஜோடி இல்லை. கூடத்தில் அவள் ஒருத்திதான் பெண். அவளோடு புரள எல்லோருக்கும் கூச்சம். மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார்.

நான் அவளைவிடக் கனம். ஜாக்கிரதையாகத்தான் பிடித்தேன். எப்படி முதுகுப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு கை வந்தது. தாடைக்குக் கீழே பூட்டு விழுந்தது. காது அடைத்தது. இடது கையால் அவள் முழங்கையைத் தொட்டேன். தட்டியதாகக்கூடச் சொல்ல முடியாது. கை திறந்துவிட்டது.

"தட்னியா நைனா?"

"தட்னேன்."

"தெரிஞ்சுது" என்றாள். அவ்வளவுதான். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வா, இன்னொரு தபா" என்றாள்.

அன்றிலிருந்து அவள் ஜோடி நான். என்னைவிட வயதில் மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டேன். பிறகு கூடமே அப்படிக் கூப்பிட்டது.

அவளும் எஸ்டேட்டில்தான் வேலை செய்தாள். ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஷிப்ட் விட்டு வெளியே வரும் பெண்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தித் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. பார்க்கிறவளுக்கும் பிடிக்காது, நிற்கிறவளுக்கும் பிடிக்காது. அக்கா ஒவ்வொருவரிடமும் "தோள்ல கை வெக்கறேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள் என்று முன்பு அங்கே வேலை செய்த எங்கள் கம்பெனிப் பெண் ஒருத்தி சொன்னாள். வேறு கேட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லையாம்.

அதைப் பற்றி ஒருநாள் அக்காவிடமே கேட்டேன்.

"சிலது கூசும், சிலது கோவப்படும். கை வெச்ச ஒடனே தெரிஞ்சிடும் நைனா. ஒடம்பு வாய விட முன்னாடி பேசிடும்" என்றாள்.

அவள் கணவர் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். அவரை மாமா என்பேன். கூடத்துக்கு அவள் வந்த முதல் வாரமே கூட வந்து படியில் உட்கார்ந்து பார்த்தாராம். மாஸ்டர் பிடி காட்ட அவள் கழுத்தைப் பூட்டியபோது எழுந்துவிட்டாராம்.

"மாஸ்டர், ஒரு டவுட்டு. இதே வேலைய நான் ஊட்டுல செஞ்சா போலீஸ் புடிச்சிகினு பூடும். இங்க செஞ்சா மெடல் குடுப்பீங்களா?"

"இங்க தட்டுனா வுட்டுடுவோம்ணா" என்றார் மாஸ்டர்.

"அப்ப ஊட்லயும் இந்த ரூல வெச்சிக்கலாமே. மாசத்துல பாதி நாளு நான் தட்டிகினே இருப்பேன்."

அதன்பிறகு அவர் படியில் உட்காரவில்லை. பாய் மேலேயே வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டியிருந்தது.

அக்காவின் இடது காது சீக்கிரமே உப்பிவிட்டது. இந்தச் சண்டையில் எல்லோருக்கும் வருவதுதான். பாயில் உரசி உரசிக் காதுக்குள் ரத்தம் கட்டும், பிறகு அப்படியே கெட்டியாகிவிடும். பணியாரம் மாதிரி இருக்கும். அக்காவால் அந்தக் காதில் கம்மல் போட முடியவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட சிவப்புக்கல் கம்மல். ஒரு காதில் மட்டும் போட்டால் பார்க்க நன்றாயிருக்காது என்று இரண்டையும் கழற்றி வைத்துவிட்டாள்.

அக்கா வீடு திருநின்றவூரில். நானும் அங்கேதான் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் அவ காத நசுக்கனவனா?"

"இல்ல பெரிம்மா. என் கழுத்ததான் அவங்க நசுக்கறாங்க."

"நல்லா நசுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள்.

மாமியாருக்கு இடுப்பு வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். அக்காவின் பெண் அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அக்கா வேலையிலும் கூடத்திலும் இருக்கிற நேரம் முழுக்க அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது மாமியார்தான்.

அம்பத்தூர் பக்கம் ஒரு ஜிம்மிலிருந்து ஒருவன் கூடத்துக்கு வந்தான். தோள் இரண்டும் அண்டா மாதிரி இருக்கும். அக்காவோடு பிடிக்கச் சொன்னதும் சிரித்தான். சிரித்து முடிக்கும்முன் அவள் அவன் முதுகில் இருந்தாள். கழுத்தில் பூட்டு. அவன் தட்டவில்லை. ஒரு பெண்ணிடம் எப்படித் தட்டுவது? முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா விட்டுவிட்டாள்.

அவன் எழுந்து, "பாத்தீங்களா, கழட்டிட்டேன்" என்றான்.

"ஆமாம்பா. நல்லா கழட்டன" என்றாள் அக்கா.

அவன் போன பிறகு மாஸ்டர் கேட்டார். "அவன்தான் தட்டலியே. ஏன் வுட்ட?"

"தட்ட வந்த கை தெரிஞ்சுது மாஸ்டர். பாதி வழில வெக்கத்துல நின்னுகினு இருந்துச்சு."

"இது நல்ல மனசு இல்ல. கெட்ட பழக்கம். மேட்ச்சுல மாட்டுவ, பாரு."

மாஸ்டர் சொன்னதன் காரணம் இதுதான். போட்டியில் எதிராளி தட்டினால் மட்டும் போதாது. நடுவர் அதைப் பார்க்க வேண்டும். பார்த்து, வந்து, நம் தோளைத் தொட வேண்டும். அதுவரை பிடியை விடக்கூடாது. விட்டால் ஆட்டம் தொடரும். கூடத்தில் சேரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அக்காவுக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

மாநில அளவில் ஒரு தேர்வுப் போட்டி வந்தது. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் ஜெயிக்கிற ஒருவர் வெளிநாட்டுக்குப் போகும் அணியில் சேரலாம். அக்கா இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாள். எதிரில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண். வயது குறைவு, வேகம் அதிகம். கடைசி நிமிடத்தில் அக்கா முதுகுக்குப் போய்க் கழுத்தைப் பூட்டினாள். இரண்டு பேரும் பக்கவாட்டில் கிடந்தார்கள். நடுவர் அக்காவின் முதுகுப் பக்கம் நின்றார். அந்தப் பெண்ணின் கீழ்க் கை இரண்டு உடம்புக்கும் நடுவில் இருந்தது.

அக்காவின் கை திறந்தது. எழுந்து உட்கார்ந்தாள். நடுவர் முகத்தைப் பார்த்தாள்.

"தட்டுனா சார்."

நடுவர் பார்க்கவில்லை. தொடரச் சொல்லிக் கை காட்டினார். வெளி மாநிலத்துக்காரர், அவள் சொன்னது புரிந்ததா என்றுகூடத் தெரியாது. அதற்குள் அந்தப் பெண் புரண்டு மேலே ஏறிவிட்டாள். மேலே ஏறினால் புள்ளி. நேரம் முடிந்தது. அந்தப் பெண்ணின் கையை நடுவர் தூக்கினார். அவள் எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை.

மாமா தடுப்பைத் தாண்டி நடுவரிடம் போனார். "யோவ், கண்ணு இன்னா பாக்கெட்ல கீதா?" என்று கத்தினார். வெளியே அனுப்பிவிட்டார்கள். மாஸ்டர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ரயிலில் திரும்பினோம். அக்கா வேர்க்கடலை வாங்கி எல்லோருக்கும் பங்கு போட்டாள். அவள் சாப்பிடவில்லை. ஆவடி தாண்டிய பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"தட்டுனா நைனா."

"தெரியும்கா" என்றேன்.

வீட்டில் பேச்சு நடந்தது. மாமியார் திட்டவில்லை. "என் இடுப்பு தாங்கற வரைக்கும் பாத்தேன். இன்னும் ஒரு வருசம் பாக்கறேன். கெலிச்சா கெலி. இல்லன்னா ஊட்டோட இருந்து புள்ளய பாரு. அதுக்கு மேல என்னால ஆவாதுடி" என்றாள். அக்கா சரி என்றாள். அதில் ஒன்றும் அநியாயம் இல்லை என்று என்னிடமும் சொன்னாள்.

அந்த வருடம் முழுக்க மாஸ்டர் அவள் கையைத் திருத்தப் பார்த்தார். கழுத்து என்னுடையது. அவள் பூட்ட வேண்டும், நான் தட்ட வேண்டும், மாஸ்டர் வந்து தோளைத் தொடும்வரை அவள் விடக்கூடாது. ஒவ்வொரு முறையும் நான் தட்டியதும் கை திறந்துவிடும்.

"வுடாத!"

"நான் வுடல மாஸ்டர். அதுவா வுடுது."

"அது யாரு அது? உன் கைதானே?"

ஒருநாள் அவள் இரண்டு மணிக்கட்டையும் இடுப்புப் பெல்ட்டால் சேர்த்துக் கட்டினார். நான் தட்டியதும் கட்டிய கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். பாயில் கிடந்த நானே சிரித்துவிட்டேன். மாஸ்டர் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவள் விடவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தட்டினேன். பிடி அப்படியே இருந்தது. மாஸ்டர் வேண்டுமென்றே தாமதித்தார். மறுபடி தட்டினேன். தகரக் கூரை சின்னதாகிக்கொண்டே போனது. டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் ரொம்பத் தூரத்தில் கேட்டது. பிரஸ் கீழே இறங்கினால் பாதியில் நிற்காது. அது நினைவுக்கு வந்தது. அப்போது மாஸ்டரின் கை அவள் தோளில் விழுந்தது. விட்டாள்.

"சூப்பர்! இதான்! இதத்தான் கேட்டேன்!" என்றார் மாஸ்டர்.

நான் இருமிக்கொண்டு கிடந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள். பயிற்சிக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

ஒரு வாரம் வரவில்லை. மாஸ்டர் கூப்பிட்டும் எடுக்கவில்லை. நான் அவள் வேலை செய்யும் கேட்டுக்குப் போனேன். திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கழுத்து எப்டி கீது?"

"நல்லா கீதுகா. வா."

"உன் கை தட்டிகினே கீது. நான் கல்லு மாதிரி உக்காந்துனு கீறேன். அப்டி ஒரு மெடலு எனுக்கு வேணாம் நைனா."

"அப்ப வுட்டுடறியா? ஆட்டத்தையே?"

ஷிப்ட் விட்டு ஒரு பெண் வந்து நின்றாள். அக்கா அவளிடம் "இடுப்புல கை வெக்கறேன்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து மாலை கூடத்துக்கு வந்தாள். உட்கார்ந்து விரல்களுக்கு டேப் சுற்றினாள். எல்லாவற்றையும் சுற்றி முடித்த பிறகுதான் பேசினாள்.

"மாஸ்டர், நான் வுட்டதால தோக்கல."

"பின்ன?"

"வுட்டுட்டு எழுந்து உக்காந்து நியாயம் கேட்டுகினு இருந்தேன் பாரு, அதுல தோத்தேன். அவரு மூஞ்சிய பாத்த நேரத்துல இன்னொரு தபா புடிச்சிருக்கலாம்."

மாஸ்டர் யோசித்தார். "அவ பொரண்டுடுவாளே."

"எப்டி பொரளுவா? கைதான வுட்டேன். கால ஏன் வுட்டேன்? அவ தட்டுனது என் கைக்குத்தான் தெரியும். காலுக்கு நான் எதுக்கு சொல்லணும்?"

கூடம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

அதிலிருந்து பயிற்சி மாறியது. என் முதுகில் ஏறுவாள். இரண்டு காலையும் என் இடுப்பில் கொக்கி போட்டு மாட்டுவாள். கழுத்தைப் பூட்டுவாள். தட்டுவேன். கை திறக்கும். கால் இருக்கும். நான் ஓட வேண்டும், அவள் மறுபடி பிடிக்க வேண்டும். முதலில் நான் தப்பித்துக்கொண்டிருந்தேன். பிறகு தப்பிக்க முடியவில்லை. சில நாள் ஒரே கழுத்தை வரிசையாகத் திரும்பத் திரும்பப் பிடித்தாள். ஒவ்வொரு முறையும் விட்டாள்.

"வுட்டா இன்னா, திரும்ப புடிச்சிக்கலாம்" என்பாள். அது அவள் பேச்சாகிவிட்டது. ரயில் போய்விட்டால்கூட அதையே சொல்வாள்.

அடுத்த தேர்வுப் போட்டி. அதே உள்ளரங்கு. இறுதி ஆட்டத்தில் அதே கோயம்புத்தூர்ப் பெண். மாமா தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் வாயே தொறக்க மாட்டேன் மச்சான்" என்றார். ஆட்டம் தொடங்கியதிலிருந்து வாயை மூடவில்லை.

அந்தப் பெண் இன்னும் தேறியிருந்தாள். ஆரம்பத்திலேயே அக்காவைத் தூக்கிப் போட்டுப் புள்ளி எடுத்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. யாரும் தட்டாமல் முடிந்தால் புள்ளிதான் கணக்கு. அக்கா தோற்றுவிடுவாள். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

கடைசியில் அந்தப் பெண் அக்காவின் ஒரு காலை இழுக்கப் பார்த்தாள். அக்கா அந்த இடைவெளியில் முதுகுக்குப் போய்விட்டாள். இரண்டு கொக்கியும் விழுந்தன. கை கழுத்துக்குப் போனது. பூட்டு விழுந்தது. போன வருடம் மாதிரியே பக்கவாட்டில் சாய்ந்தார்கள். நடுவர் வேறு ஆள். ஆனால் அவரும் தப்பான பக்கத்தில் நின்றார்.

அந்தப் பெண் தட்டியதை நான் பார்க்கவில்லை. அக்காவின் கை திறந்ததைப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

"அய்யய்யோ! மறுபடியும் வுட்டுட்டா!" என்றார் மாமா. தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு புரளப் போனாள். இடுப்பு நகரவில்லை. கால்கள் அங்கேயே இருந்தன. அக்கா நடுவரைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். கை மறுபடி தாடைக்குக் கீழே போனது.

இந்த முறை அந்தப் பெண் மேல் கையால் தட்டினாள். மூன்று தட்டு. அரங்கின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

நடுவர் பாய்ந்து வந்து குனிந்தார், பிரிப்பதற்கு. பிரிக்க ஒன்றும் இல்லை. கை ஏற்கெனவே திறந்திருந்தது.

மாமா இன்னும் தரையில் உட்கார்ந்திருந்தார். "மாமா, கெலிச்சிடுச்சு" என்றேன். "சும்மா இரு மச்சான், வயித்தெரிச்சல கெளப்பாத" என்றார். நடுவர் அக்காவின் கையைத் தூக்கியதைக் காட்டினேன். அப்போதுதான் எழுந்தார்.

வெளியே தண்ணீர்க் குழாய் அருகில் அந்தப் பெண் அக்காவிடம் வந்தாள். நான் பையோடு பக்கத்தில் நின்றேன்.

"மொதல்ல தட்டுனது உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா அக்கா?"

"தெரிஞ்சுதும்மா."

"போன வருசம் தட்டுனதுங்க?"

"அதுவும்தான்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவள் தாடையைத் தூக்கிக் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப வுடு. போய் தண்ணி குடி."

அக்கா அணியோடு வெளிநாடு போனாள். அங்கே இரண்டாவது ஆட்டத்தில் தோற்றாள். மறு வருடமும் தேர்வில் ஜெயித்துப் போனாள், வெண்கலம் வாங்கினாள். இப்போது குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறாள். ஒரு பயிற்சிக்கூடத்தில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், தானும் ஆடுகிறாள். மாமா அங்கே போயும் ஆட்டோதான், மீட்டர்தான் தகராறு. நான் அதே கூடத்துக்கு, அதே பாய்க்குப் போகிறேன். இப்போது என் ஜோடி வானகரத்துக்காரன் ஒருவன். அவனோடு பிடிக்கும்போது தட்டுவதோடு வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை ஜெயித்த அன்று மாலை நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ரயிலில் வந்துகொண்டிருந்தோம். கூட்டம் இருந்தது. அக்காவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மாமியார் போன் செய்தாள். சத்தத்தில் கேட்கவில்லை என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாடி ஆச்சு?"

"கெலிச்சிட்டேன் அத்தை."

அந்தப் பக்கம் டிவி ஓடுவது மட்டும் கேட்டது.

"அப்ப இன்னும் எத்தினி நாளு புள்ளய நான் பாக்கணும்?"

"தெரியல அத்தை. பாக்கணும்."

"இடுப்பு வலிக்குதுடி."

"தெரியும் அத்தை."

மாமா போனையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்பியது.

"அந்தக் கம்மல எங்க வெச்சிருக்க?" என்றாள் மாமியார். "உன் காதுக்கு இனிமே அது ஆவாது. புள்ளைக்காவது போட்டு வுடறேன்."

அக்கா தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"பீரோவுல, பட்டுப்பொடவைக்கு அடியில கீது அத்தை" என்றாள். "போட்டு வுடுங்க."